ஒரு டம்ளர் வேகம்

"ஏன் இவ்ளோ இருட்டா இருக்கு? லைட்டைப் போடு."

முதலாளி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபடி கேட்டார்.

அவர் மனைவி ஜன்னலைப் பார்த்தாள். திரை விலகியிருந்தது. வெயில் சுள்ளென்று அவர் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"விளையாடாதீங்க. விடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு."

"நான் எங்கடி விளையாடறேன்? லைட்டைப் போடுன்னா..."

அவர் கை காற்றில் துழாவியது. மேசை விளக்கைத் தட்டியது. விளக்கு விழுந்து நொறுங்கியது.

அவர் கண்கள் திறந்தே இருந்தன!

அவள் அலறினாள்.

மாலைக்குள் முதலாளி பிணம்.

*

"மெத்தனால்" என்றார் டாக்டர். "சாராயத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி. பாக்கத் தண்ணி மாதிரியே இருக்கும். குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது. மறுநாள் முதல்ல கண்ணை எடுக்கும். அப்புறம் ஆளை."

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாதவர்.

"எவ்ளோ குடிச்சிருப்பார்?"

"ஒரு டம்ளரே அதிகம். இவர் ரெண்டு."

"யாராவது பாத்தாங்களா?"

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊரே பாத்துச்சு சார். நீங்க டிவி பாக்கறதில்லையா?"

வெளியே பெஞ்சில் முதலாளியின் மனைவி, இனி யாருக்கும் தேவைப்படாத மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்த்தபடி கடந்து போனார்.

*

மறுநாள் காலை ஸ்டேஷனில் ஏட்டு வீடியோவை ஓட்டினார். ஏட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பந்தய மைதானம். மேடை. பாயப் போகும் புலி மாதிரிப் பதுங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதன் முதுகில் ஒரு கண்ணாடித் தொட்டி, தொட்டியில் தெளிந்த திரவம், அடியில் ஒரு குழாய். பின்னால் பேனர்... 'பெட்ரோலுக்கு விடை கொடுப்போம்! குப்பையில் பறப்போம்!'

நிகழ்ச்சி ஊருக்கே மனப்பாடம். முதலாளி குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடிப்பார். காய்கறிக் குப்பையிலிருந்து எடுத்த எரிபொருள், கைக்குழந்தைகூடக் குடிக்கலாம் என்பார். பாதி குடிப்பார். மீதியை மச்சினனிடம் நீட்டுவார். மனைவியின் தம்பியான அந்த மச்சினன்தான் காரின் டிரைவர். அவன் டம்ளரைக் காலி செய்துவிட்டு, சீட்டில் ஏறிக் காரைப் பறக்க விடுவான். முதலீடு செய்தவர்கள் கை வலிக்கத் தட்டுவார்கள்.

கடைசி நிகழ்ச்சியும் அப்படியே ஆரம்பித்தது.

முதல் மடக்கு உள்ளே போனதும் முதலாளியின் புருவம் ஏறியது. அரை விநாடி. எதிரே பத்துப் பதினைந்து கேமராக்கள்...

சிரித்தார். டம்ளரை வாயில் கவிழ்த்தார். இன்னொன்று பிடித்தார்! அதை மச்சினனிடம் நீட்டினார். அவன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தான். அதையும் தானே குடித்தார்.

"சரக்குன்னு நெனச்சுட்டார் சார்" என்றார் ஏட்டு. "மேடையில ஓசியில கெடச்சா எவன் துப்புவான்?"

கார் கிளம்பியது. மைதானத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தது. அத்தனை வேகம் அந்தக் கார் அதுவரை போனதே இல்லை.

இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தார்.

"இந்தக் காரைச் செஞ்ச ஒர்க் ஷாப்புக்குப் போலாம்."

*

ஒர்க் ஷாப்பில் ஒரே ஒரு ஆள். இன்ஜினியர். முப்பது வயதுப் பெண். நகத்தில் கிரீஸ். அழுது முடித்த கண்கள்.

எதையும் மறைக்காமல் சொன்னாள். தொட்டியில் எப்போதும் இருந்தது வெறும் குடிதண்ணீர். கார் ஓடியது பெட்ரோலில். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ரகசிய டேங்க், பக்கத்தில் ஒரு திருகு. திருகைத் திறந்தால்தான் கார் கிளம்பும்.

"அப்போ உங்களை எதுக்கு வேலைக்கு வெச்சிருந்தார்?"

"போட்டோவுக்கு சார். வெள்ளைக் கோட்டு போட்டு, கையில குடுவையோட நிக்கணும். ஆராய்ச்சி நடக்குதான்னு யாராவது கேட்டா நடந்துட்டே இருக்குன்னு சொல்லணும். முடிஞ்சுதுன்னு மட்டும் சொல்லக் கூடாது."

"முடிச்சுட்டீங்க."

அவள் தலை குனிந்தது.

"முடிஞ்சுடுச்சு சார்."

குப்பையைச் சூடாக்கி வாயுவாக்கி, வாயுவை மெத்தனால் ஆக்கியிருக்கிறாள். இன்ஜினைப் பிரித்து அதற்கேற்ப மாற்றியிருக்கிறாள். மெத்தனால் பெட்ரோலைப் போல இரண்டு மடங்கு செலவாகும், ஆனால் இன்ஜின் சூடாகாமல் காக்கும், அதனால் கடைசிச் சொட்டு வரை பிழிந்து வேகம் எடுக்கலாம் என்று சொல்லும்போது மட்டும் அவள் குரலில் உயிர் வந்தது. பெட்ரோல் டேங்கைக் கழற்றி எறிந்துவிட்டாள். திருகு மட்டும் பாக்கி.

"கண்ணாடித் தொட்டியில நிஜத்தை ஊத்தினேன்."

"அவர் அதைக் குடிப்பார்னு தெரியும்."

"தெரியும். அதான் முன்னாடியே சொல்லி அனுப்பினேன்! முதலாளி இந்தப் பக்கமே வர மாட்டார் சார், ஆயில் வாடை ஆகாது. எதுவா இருந்தாலும் மச்சினன் வழியாத்தான் போகணும். அவர்கிட்ட சொன்னேன். தொட்டியில இருக்கறது விஷம், குடிக்கக் கூடாது, டம்ளர்ல தனியா தண்ணி வெச்சுக்கச் சொல்லுங்கன்னு. சரின்னார்."

"மேடையில குடிக்கறப்போ தடுத்திருக்கலாமே?"

"மைதானத்தோட அந்தக் கோடியில வேகம் அளந்துட்டு இருந்தேன். மேடையே தெரியாது."

இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது. மேலதிகாரி. தயாரித்தவள் அவள், ஊற்றியவள் அவள், பிறகென்ன யோசனை, சாயங்காலத்துக்குள் கொலை கேஸ் போட்டு உள்ளே தள்ளு என்று உத்தரவு.

அவளுக்கும் அது கேட்டது. பக்கத்தில் நின்ற காரின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

"சார்... நான் ஜெயிலுக்குப் போனா இதை உடைச்சுடுவாங்களா?"

*

மச்சினன் துக்கத்துக்கேற்ற சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தான்.

"என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல சார். அந்தப் பொண்ணு தப்பிக்கப் பாக்குது."

"தொட்டியில தண்ணின்னுதான் நெனச்சீங்க?"

"சத்தியமா."

"வண்டியை எப்படி எடுத்தீங்க?"

"எப்பவும் போலத்தான். ஒரு மாத்தமும் இல்ல."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு பழைய நிகழ்ச்சி ஒன்றை ஓட்டினார். மச்சினன் சீட்டில் ஏறுகிறான். இடது கை சீட்டுக்கு அடியில் போகிறது. வருகிறது. கார் உறுமுகிறது.

இன்னொரு நிகழ்ச்சி. இடது கை சீட்டுக்கு அடியில்.

கடைசி நிகழ்ச்சி. ஏறுகிறான். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்.

கார் உறுமுகிறது...

"பெட்ரோல் திருகைத் திறக்காம வண்டி கிளம்பும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மச்சினன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"அக்கா புருஷனைக் கொன்னிருக்கீங்க."

"கொல்லல சார்." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "சொன்னேன். மாமாகிட்ட சொன்னேன்."

"என்னன்னு?"

"குடிக்காதீங்கன்னு. மேடை ஏறுறதுக்கு முன்னாடி. கேக்கல. ரெண்டாவது டம்ளரை என்கிட்ட நீட்டினார் பாருங்க... எட்டு வருஷமா அவர் எச்சில் டம்ளரைக் குடிச்சிருக்கேன் சார். அந்த ஒரு நிமிஷம் தோணுச்சு... நல்லா குடிக்கட்டும்னு. அப்புறம் வெளிய சொல்லப் பயம்."

"செத்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார்னு தைரியம்" என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். வீடியோவில் முதலாளியின் சட்டைக் காலரைப் பெரிதாக்கினார்.

ஒரு சின்ன மைக்!

மைக்செட்காரரை அழைத்துவர ஜீப் பறந்தது. மேடை ஏறும் முன்பே மாட்டிவிட்ட மைக் அது, மாட்டியதிலிருந்து எல்லாமே பதிவாகியிருக்கும், வேண்டாததை வெட்ட இன்னும் நேரம் வரவில்லை என்றார் அவர். ஓட விட்டார்.

முதலில் இரைச்சல். பிறகு மச்சினனின் குரல், கிசுகிசுப்பாய்.

"மாமா, இன்னிக்குத் தொட்டியில தண்ணி இல்ல. நிஜமான எரிபொருள். அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சுடுச்சு. குடிச்சா ஆள் காலி."

ஒரு சிரிப்பு. முதலாளியின் சிரிப்பு. வயிறு குலுங்க, நீளமாக.

"போடா மடையா. என் கம்பெனியில நிஜமா ஒண்ணு நடந்தா எனக்குத் தெரியாதா?"

கைதட்டல். படியேறும் காலடி.

மைக்செட்காரர் பதிவை நிறுத்தினார்.

கொலை கேஸ் இல்லை. இன்ஸ்பெக்டர் மேலதிகாரிக்குப் போன் செய்து இரண்டே வாக்கியத்தில் அதைச் சொன்னார். மச்சினன் பக்கம் திரும்பினார்.

"விஷம்னு தெரிஞ்சும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம இருந்தீங்களே, அதுக்குத் தனியா கேஸ் உண்டு. உட்காருங்க."

வாசலில் காத்திருந்த இன்ஜினியரிடம் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் நகரவில்லை.

"சார், வண்டி அன்னிக்கு நிஜமாவே ஓடுச்சு. அதை யாராவது கவனிச்சாங்களா?"

"நான் கவனிச்சேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். போனாள்.

ஏட்டு டேபிள் மேலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

"பாவம் சார் மனுஷன். இத்தனை வருஷமும் பொய்யைக் குடிச்சுட்டு கல்லு மாதிரி இருந்தார். ஒரே ஒரு நாள் நிஜத்தைக் குடிச்சார்... ஒடம்புக்கு ஒத்துக்கல!"