காலி வீடு என்று எழுதிக் கொடுத்தவன்

வீட்டில் தூசி இல்லை.

வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு. கதவில் வங்கி வைத்த சீல் காய்ந்து வெடித்திருந்தது. தரகரின் வாயிலிருந்த அத்தனை கெட்ட வார்த்தைகளையும் கறந்த பிறகுதான் பூட்டு திறந்தது. வெளி வராந்தாவில் கணுக்கால் அளவுக்குச் சருகு. ஆனால் வாசல்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தால், தரை கண்ணாடி. அவன் குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தான். விரல் சுத்தமாகத் திரும்பி வந்தது.

"தூசியே இல்லையே?"

"நல்லதுதானே சார்," என்றார் தரகர். "பெருக்கற கூலி மிச்சம். இதையெல்லாமா குறைன்னு சொல்வாங்க?"

"இல்ல, எப்படி இல்லாம போச்சுன்னு…"

"ஜன்னல் எல்லாம் நல்லா அடைச்சிருக்கு. அந்தக் காலத்து மரவேலை." பேச்சு நிற்கவில்லை; ஆனால் ஆள் படிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. "எனக்கு முட்டி வலி. நீங்க பாருங்க, உங்க வீடு."

பூட்டிய வீட்டின் முடைநாற்றமும் இல்லை. ஈரத் தலைமுடியின் வாசனை, சோப்பு, அணைத்துச் சற்று நேரமே ஆன அடுப்பின் சூடு. யாரோ எழுந்து போன நாற்காலியில் உடனே உட்கார்ந்தால் ஒரு கதகதப்பு இருக்குமே, அது வீடு முழுக்க இருந்தது.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது அவன் பிழைப்பு. கல்யாண அழைப்பிதழிலிருந்து மருந்துப் பெட்டியின் பின்பக்கம்வரை ஒரு பிழையும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அதனாலேயே கூட வேலை செய்பவர்கள் 'புள்ளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீடு வாங்குகிறான் என்று தெரிந்ததும், "இனிமே பெரிய புள்ளிய்யா" என்று சொல்லி டீ வாங்கிக் குடித்தார்கள். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டுக் காகிதத்தில் கோட்டை விட்டான்.

கடன் கட்ட முடியாதவர்களிடமிருந்து வங்கி எடுத்து ஏலம் விட்ட வீடு அது. பழைய வீட்டுக்காரர் காலி செய்துவிட்டதாகக் கையெழுத்திட்ட காகிதம் கோப்பில் இருக்க வேண்டும். இல்லை. சாவியை ஒப்படைத்த சீட்டு இருக்க வேண்டும். அதுவும் இல்லை.

"அவங்க எங்க போனாங்க?" என்று வங்கி அதிகாரியிடம் கேட்டான்.

"தெரியலை சார். எத்தனை தடவை போய்த் தட்டினாலும் கதவு திறக்கலை. சரி, ஆள் இல்லைன்னு எழுதி சீல் வெச்சுட்டோம்."

"உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

அதிகாரி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கதவு திறக்கலைன்னா எப்படி சார் உள்ள போறது?"

பிறகு தட்டச்சு செய்த ஒரு தாளை அவன் பக்கம் தள்ளினார்.

"விற்கிறவர் தர வேண்டிய காகிதம் இல்லாததால, வாங்கற நீங்களே ஒண்ணு எழுதிக் கொடுத்துடுங்க. 'வீடு முழுவதையும் நேரில் பார்த்தேன், உள்ளே யாரும் இல்லை.' அதைக் கொடுத்தாதான் சாவி."

சாவி இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த விலைக்கு வேறெங்கும் ஒரு குளியலறைகூடக் கிடைக்காது. தட்டச்சில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியை மட்டும் பேனாவால் போட்டுவிட்டு, அந்தப் பெருமையோடு கையெழுத்திட்டான்.

அவ்வளவு அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வாடகை வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள் என்பதைவிட ஒளிந்திருந்தார்கள் என்பதுதான் சரி. கேட் சத்தம் கேட்டால் போதும். மனைவி ஃபேனை நிறுத்துவாள், அவன் விளக்கை அணைப்பான், மகளை இழுத்துக்கொண்டு மூவரும் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சுவராகக் குந்திவிடுவார்கள். கடன்காரன் தட்டித் தட்டி ஓய்ந்து போகும்வரை மூச்சு விடக் கூடாது. மகளுக்கு அது விளையாட்டு. பேசக் கற்பதற்கு முன்பே பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை. கடைசியில் மனைவி தன் பங்கு நிலத்தை விற்றுக் கடனை அடைத்தாள். மிச்சப் பணத்தில் வந்ததுதான் இந்த வீடு.

"பெல் அடிச்சா நம்ம பொண்ணு ஓடிப்போய்க் கதவைத் திறக்கணும். அது ஒண்ணுதாங்க எனக்கு வேணும்," என்றாள்.

"அதுக்கு பெல் மட்டும் வாங்கினா போதுமே," என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மனைவியும் மகளும் அவள் அக்கா வீட்டில் இருந்தார்கள். கூலி மிச்சமென்று அவனே வெள்ளையடிக்க இறங்கினான். முதல் நாள் மதியம், பெயிண்ட் வாடைக்காகக் கூடத்து ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு, பழைய வழக்கத்தில் வாசல் கதவை உள்தாழ் போட்டுக்கொண்டான். யாருக்காகத் தாழ் போடுகிறோம் என்று தன்னையே கேட்டு, கொஞ்சம் வெட்கப்பட்டு, அப்படியே விட்டுவிட்டான்.

தூரிகை சுவரில் ஈரமாக இழுபடும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. சமையலறையில் டம்ளரில் கரண்டி சுற்றுவதுபோல, படுக்கையறையில் பாயை மெல்லச் சுருட்டுவதுபோல, குளியலறையில் யாரோ சொம்பைத் தரையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்க அதிலிருந்து சொட்டுவதுபோல. அவன் தூரிகையை நிறுத்தினால் அதுவும் நின்றது. தொடர்ந்தால் தொடர்ந்தது. எலி என்று நினைத்துக்கொண்டான். வீடு வாங்கியவன் எதையும் எலி என்று நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு படுக்கையறையிலிருந்து ஒரு குழந்தையின் இருமல். பாதியில் பொத்தப்பட்ட இருமல்.

"உஷ்."

எலிகள் ஒன்றையொன்று அடக்குவதில்லை.

அவன் ஏணியிலேயே உறைந்தான். தூரிகை நுனியிலிருந்து வெள்ளை சொட்டியது. அந்த 'உஷ்' அவனுக்குத் தெரியும். மிரட்டல் இல்லை அது. அவன் மனைவி மகளுக்குச் சொல்வது. கேட் சத்தத்துக்கும் கதவு தட்டலுக்கும் நடுவே சொல்வது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பயந்து.

இறங்கினான். அறைக் கதவைத் தள்ளினான். காலி. பளபளக்கும் தரை. ஜன்னலுக்குக் கீழே, சுவரில், குந்தி உட்கார்ந்த முதுகுகளின் உயரத்துக்கு எண்ணெய்க் கறை. பெரியது இரண்டு. நடுவில் சின்னது. கறை ஈரமாக இருந்தது.

ஓடியிருக்க வேண்டும். அங்கேயே நின்றான். பயத்தால் பாதி, மீதி வேறு எதனாலோ. எத்தனை வருஷமாக இப்படி?

"பயப்படாதீங்க," என்றான் காலி அறையைப் பார்த்து. "நான் பேங்க் ஆள் இல்ல. நானும் உங்கள மாதிரிதான்."

வீடு மூச்சு விட்டது. எல்லா அறைகளிலிருந்தும், ஒரே நேரத்தில், நெடுநாள் அடக்கி வைத்த மூச்சு. மூன்று பேரின் மூச்சு இல்லை அது. அதைவிட நிறைய.

அப்போது கேட் கிறீச்சிட்டது.

அவன் யோசிக்கவே இல்லை. உடம்புக்கு யோசிக்கத் தெரியாது. கூடத்துக்குப் பாய்ந்தான், கை தானாக ஃபேனை நிறுத்தியது, கால் தானாக மடங்கியது. ஜன்னலுக்குக் கீழே குந்தி, முதுகைச் சுவரில் ஒட்டி, மூச்சைப் பிடித்தான்.

இடதுபக்கம் ஒரு தோள் அவன் தோளில் இடித்தது. வலதுபக்கம் இன்னொன்று.

"என்னங்க," என்று வெளியே மனைவியின் குரல். "இவ இருக்க மாட்டேங்கறா, அப்பாவைப் பார்க்கணுமாம். கதவைத் திறங்க."

பெல் அடித்தது.

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. கைகள் இரண்டையும் யாரோ கீழே இழுத்துப் பிடித்திருந்தார்கள். கோபமாக இல்லை. அக்கறையாக. வாயைத் திறந்தான். ஒரு சின்ன உள்ளங்கை, சோப்பு வாசனையோடு, வாயைப் பொத்தியது.

"உஷ்."

பெல். மறுபடி பெல். "தூங்கிட்டாரா? ஃபோனையும் எடுக்கலையே."

"அம்மா, அப்பா ஒளிஞ்சு விளையாடறாரு." மகளின் செருப்புச் சத்தம் ஜன்னலை நோக்கி வந்தது. "எனக்குத் தெரியும். ஜன்னலுக்குக் கீழதான் இருப்பாரு."

அவன் தலைக்கு மேலே, கம்பிகளுக்கு நடுவே, ஒரு குட்டிக் கை உள்ளே நுழைந்தது. விரல்களை ஆட்டியது.

"கண்டுபிடிச்சுட்டேன். கையக் குடுப்பா."

தொண்டைக்குள் கத்தினான். உள்ளங்கை இன்னும் இறுகியது. பக்கத்திலிருந்த தோள் அசைந்தது. மெல்ல எழுந்தது.

"அப்பா கை ஜில்லுன்னு இருக்கு," என்று சிரித்தாள் மகள்.

"அப்பாடா," என்றாள் மனைவி. "கதவைத் திறக்கச் சொல்லு அவர."

அவனால் கண்களை மட்டும் உயர்த்த முடிந்தது. பிஞ்சு விரல்களைச் சுற்றி நீளமான சாம்பல் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. மணிக்கட்டில் இன்னொரு கை. முழங்கையில் இன்னொன்று. சுவரோரம் குந்தியிருந்தவர்கள் எல்லோரும், சத்தமே இல்லாமல், எழுந்துகொண்டிருந்தார்கள்.