நியூட்ரான் கூடத்தில் ஒரு கொலை

"ஆஆ...!"

க்ரெனோபில் அணு உலையின் நியூட்ரான் கூடத்தையே உலுக்கியது அந்த அலறல்.

அலறியவள் ஆராய்ச்சியாளர் அகாத். நியூட்ரான் சோதனைக் கருவியை ஒட்டிய சிற்றறையில் பேராசிரியர் தெல்மாஸ் கிடந்தார்... பிணமாக! உதடுகளில் நீலம். கவிழ்ந்து கிடந்தது திரவ நைட்ரஜன் குடுவை; அது ஆவியாகிப் பரவினால் மூச்சுவிடக் காற்று மிஞ்சாது. காற்றில் ஆக்ஸிஜன் குறைந்தால் கூவ வேண்டிய அலாரத்தின் ஒயர்...

அறுக்கப்பட்டிருந்தது!

போலீஸ் கேப்டன் வாஷே உள்ளே நுழைந்தாள். தெல்மாஸின் பரம எதிரியான விஞ்ஞானி ரூவியே நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வருத்தமே இல்லையா உங்களுக்கு?"

"இருக்கே மேடம்! என்கிட்ட தோக்காமலே போயிட்டானே!"

"அப்படி என்ன சண்டை?"

"கருவிக்குள்ள ஒரு யுரேனியப் படிகம் இருக்கு. பயங்கரமா குளிர வெச்சா மின்சாரம் தடையே இல்லாம ஓடும். அந்தக் குளிர்ல காந்தத் துடிப்பு அடங்கிடும்னேன் நான். அடங்காது, புதுசா துள்ளும்னான் அவன். நியூட்ரானை மோதவிட்டா தெரிஞ்சுடும். அவன் சொன்னது சரின்னா, திரையில வர்ற கோட்டுல ஒரு சிகரம் எழும்பும்."

"பேச்சைப் பாருங்க மேடம்!" கண்ணீரோடு சீறினாள் அகாத். "இவர்தான் கொலைகாரர்! நேத்து கேன்டீன்ல 'உன்னைப் புதைச்சுடுவேன்'னு கத்தினார்!"

"வாதத்துல புதைக்கறேன்னேன். வாயை மூடு!"

வாஷே அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்! லியோன் ரயிலை விட்டு இறங்கி, நேரா வந்து இந்தக் கதவைத்தான் திறந்தேன். சிகரம் எழும்பிடுச்சு, இவர் தோத்துட்டார்... அந்த ஆத்திரம்!"

ரூவியேயின் காபி சிந்தியது.

"எழும்பிடுச்சா...?"

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினார்; மற்ற இருவரும் பின்னாலேயே வந்தனர். திரையில் சிகரம்... செங்குத்தாக!

முகம் வெளிறிப்போனது. பிறகு மெல்லத் திரும்பினார்.

"மேடம்... தெல்மாஸ் எப்ப செத்தான்?"

"ராத்திரியேன்னு டாக்டர் சொல்றார்."

"கருவி தானாவே படிகத்தை அந்தக் குளிருக்குக் கொண்டு போனதே இன்னிக்குக் காலையிலதான்! செத்தவனே இந்தச் சிகரத்தைப் பாக்கல. இந்தத் திரையை விட்டா வேற எங்கயும் தெரியாது. ரயில்ல வந்தவளுக்கு யார் சொன்னது?"

வாஷே கதவை மறித்து நின்றாள்.

அகாத்தின் கண்ணீர் சட்டென்று நின்றது.

"ஆமா... நான்தான்! அந்தப் படிகத்தை வளர்த்தவ நான்! என் பேரையே கட்டுரையிலேர்ந்து வெட்டினான் அந்த ஆள்! சிகரத்தை முதல்ல பாக்கற கண்ணு என்னோடதா இருக்கணும்னு நெனச்சேன். பாத்தேன்!"

"செத்தும் ஜெயிச்சுட்டானே, படுபாவி!" முனகினார் ரூவியே.

அகாத்தின் கையில் விலங்கை மாட்டினாள் வாஷே.

"கவலைப்படாதீங்க. எங்க குற்றப்பத்திரிகையில உங்க பேர்தான் முதல் பேர்!"