நீல மூடி

திங்கட்கிழமை காலை இளம்பரிதி நீல மூடி போட்ட குப்பியைத் திறந்து, வழக்கம்போலத் தொடையில் ஊசி போட்டுக்கொண்டான். பிறகு ஆய்வுக்கூடத்து கேண்டீனில் உப்புமாத் தட்டின் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் இடது கை தானாக எழுந்து, கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரத்தில் வரிசையாக வைத்தது. அவனுக்குக் கறிவேப்பிலை பிடிக்கும். அக்கா பூங்கோதைக்குத்தான் ஆகாது.

“சாப்பிடலாமாக்கா?” என்று மெல்லக் கேட்டுவிட்டு வலது கையால் சாப்பிட ஆரம்பித்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து மேசைப் பெண்மணியின் தொண்டையில் செத்துப்போன மாமனார் செருமிக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோது கேட்டது போதாதா என்று அவளிடம் யார் கேட்பது?

அந்தக் காலத்தில் இறந்தவர்களை முழுவதுமாக எரிப்பதில்லை. மூளையிலிருந்து அரிசியளவு திசுவை எடுத்து, நெருங்கிய சொந்தத்தின் மூளையில் பதித்துவிடுவார்கள். நினைவொட்டு என்று பெயர். ஆனால் அந்நியத் திசுவை உடம்பு சும்மா விடாது, தின்று தீர்த்துவிடும். அதைத் தடுக்க வழிகாட்டியது யானைக்கால் புழு. வருடக்கணக்காக உள்ளேயே குடியிருந்தும் உடம்பு தன்னைக் கண்டுகொள்ளாதபடி அது ஒரு புரதத்தைச் சுரக்கும். அதன் மரபணுவை பாக்டீரியாவில் ஏற்றி, மறுசேர்க்கைப் புரதமாக லிட்டர் லிட்டராக வளர்த்தார்கள். கோவையில் அதைச் சுத்திகரிப்பதுதான் பரிதியின் வேலை. வாரம் ஒரு ஊசி; தனக்கு வேண்டிய குப்பியை உறைபெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்வான். நிறுத்தினால் இரண்டு மாதத்தில் ஒட்டு கரைந்துபோகும்.

அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் பூங்கோதை. ஆஸ்பத்திரியில் கடைசியாக, “என்னையப் புடிச்சு வெச்சுக்காதடா. போதும்,” என்றாள். சரியென்று தலையாட்டினான். அவள் கண்மூடிய ஒரு மணி நேரத்தில் ஒட்டுக்குக் கையெழுத்துப் போட்டான். ஐந்து வருடம் ஆகிறது.

“பரிதி, ஒரு நிமிசம் வாங்க.” உறைபெட்டிகளுக்குப் பொறுப்பான நஸீமா கூப்பிட்டாள். “கொதிக்க வெச்ச குப்பி வாரம் ஒண்ணு காணாமப் போவுதுங்க. அதைப் போயி எவனாவது திருடுவானா?”

ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புரதத்தைக் கொதிக்கவைத்துச் சாகடித்து, சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பார்கள். ஊசியில் போட்டால் வெறும் தண்ணீருக்குச் சமம்.

“அது பச்சை மூடிதானுங்க மேடம்?”

“போன வருசமே நீலத்துக்கு மாத்தியாச்சுங்களே. நீங்கதான நோட்டுல எழுதி வெச்சீங்க?”

அவள் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். பதினோரு மாதம் முந்தைய தேதி. ‘இனிமேல் கொதித்ததற்கு நீல மூடி, நல்லதற்குப் பச்சை.’ எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. புள்ளிக்குப் பதில் குட்டிக் குட்டி வட்டங்கள். பூங்கோதைதான் அப்படி எழுதுவாள்.

பரிதி அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தான். அப்போதெல்லாம் வலது கை வேலை செய்யும்போது இடது கை பக்கத்தில் எதையாவது கிறுக்கிக்கொண்டிருக்கும். அக்கா எழுதுகிறாள் என்று பூரித்துப்போவான். என்ன எழுதினாள் என்று ஒருநாளும் படித்ததில்லை.

குப்பிகளை எடுத்தது தான்தான் என்று நஸீமாவிடம் சொன்னான். மதியமே ஸ்கேன் எடுத்தார்கள். ஒட்டு இருந்த இடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. “போயி ஒம்பது மாசமாச்சுங்க,” என்றாள் நஸீமா, அவன் முகத்தைப் பார்க்காமல். “இன்னொரு துண்டு உறைபெட்டில இருக்குது. கடைசித் துண்டு. கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளைக்கே வெச்சுரலாம்.”

அப்படியானால் போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தடவிக்கொடுத்தது யார்? அவனேதான். ஒன்பது மாதமாகத் தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் எப்போதோ கிளம்பிவிட்டாள். விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது அவன்தான்.

படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவை இடது கையில் வைத்தான். “ஏன்க்கா?” என்றான். கை அசையவில்லை. வம்படியாக நகர்த்திப் பார்த்தான். ‘அக்கா’ என்று கோணல்மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் வந்தது. புள்ளி வெறும் புள்ளியாகத்தான் இருந்தது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“போடறீங்களா, பரிதி?”

“வேண்டாமுங்க. அக்கா வாயால சொன்னா, நான் கேக்கல. கையால எழுதியும் வெச்சிட்டா.”

அடுத்த திங்கட்கிழமை ஊசி போடவில்லை. கேண்டீனில் எதையும் நினைக்காமல், ஜன்னலைப் பார்த்தபடியே உப்புமாவைத் தின்று முடித்தான். தட்டை எடுக்கப் போனபோதுதான் கவனித்தான். ஓரத்தில் ஏழு கறிவேப்பிலைகள் வரிசையாக இருந்தன.

எந்தக் கை வைத்தது என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு மென்றான்.