இரண்டு இடது கைகள்

வீட்டில் என் பெயர் அவசரக்குடுக்கை. அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காமல்தான் நான் அந்தக் கண்ணாடியை வாங்கி வந்தேன்.

அம்மா தையல்காரி. கொஞ்ச நாளாக அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. “கண்ணே போயிட்டா நாம என்னடி பண்றது?” என்று ஒருநாள் அழுதாள். 

மறுநாள் பழைய சாமான் விற்பவர் தங்க நிற மூக்குக் கண்ணாடி ஒன்றைக் காட்டினார்.

“மந்திரக் கண்ணாடி பாப்பா. போட்டா ஒரு கவலையும் இருக்காது.”

என் கலர் பென்சில் டப்பாவைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

அம்மா போட்டுப் பார்த்தாள். “அடியே! எல்லாம் பளிச்சுனு தெரியுதுடி!” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் தபால்கார அக்காவின் கல்யாணக் கவுனை அம்மா வெட்டித் தைத்தாள். அக்காவின் அம்மா சாவதற்கு முன் வாங்கிவைத்த நீலப்பட்டு அது. வேறு துண்டு கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கவுனைத் தொங்கவிட்டாள். எனக்குப் பகீரென்றது. கவுனின் கைகளுக்கான துணியை எதிரெதிராக மடிக்காமல் வெட்டியிருக்கிறாள். இரண்டுமே இடது கை! வலது தோள் முறுக்கிக்கொண்டு நின்றது.

“அம்மா, ரெண்டும் இடது கைம்மா.”

“போடி, கண்ணு வச்சுடாத. எவ்வளவு அழகா இருக்கு!”

கண்ணாடியைப் பிடுங்கி நானே போட்டேன். ஐயோ! கவுனில் ஒரு பிசகும் இல்லை. சுவரில் ஈரக்கறையைக் காணோம். அம்மாவுக்கு ஒரு நரைகூட இல்லை. நாம் ஆசைப்படுவதைத்தான் அந்தப் பாழாய்ப்போன கண்ணாடி காட்டியிருக்கிறது. அம்மாவின் கண் சரியாகவே இல்லை.

நான்தானே கொண்டுவந்து கொடுத்தேன்! 

“கண்ணை மூடிக்கோம்மா. தொட்டுப் பாரு.”

அம்மாவின் விரல்கள் தையலோடு போயின. தோளில் நின்றன. மறுபடி தடவினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தப் பொண்ணு மூஞ்சியில எப்படிடி முழிப்பேன்?”

இருவரும் அழுது தீர்த்தோம். அம்மா எழுந்திருக்கவே இல்லை. நான் தபால் நிலையத்துக்கு ஓடி, எதையும் மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன்.

 அக்காவின் கண்ணீர் கடிதங்கள் மேல் சொட்டியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“கையே இல்லாம தச்சா போட்டுப்பீங்களா, அக்கா?”

“பை தூக்கித் தூக்கி என் தோள் காய்ச்சுப் போயிருக்கு. எல்லாரும் பார்ப்பாங்களே.”

“பார்க்கட்டுமே, அக்கா.”

அவர் மூக்கை உறிஞ்சினார். “சரி, வா.”

அன்று முழுக்க நான் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அம்மா தடவித் தடவித் தைத்தாள். சாயங்காலம் அக்கா கவுனைப் போட்டுக்கொண்டு நின்றார்.

அம்மா பயந்துகொண்டே கேட்டாள். “உண்மையைச் சொல்லுடி. எப்படி இருக்கு?”

“வலது தோள்ல ஒரு சுருக்கம் இருக்கும்மா.”

பல நாளைக்குப் பிறகு அம்மா சிரித்தாள். “எங்க, என் விரலை அங்க கொண்டு வை” என்றாள்.