பத்தொன்பதாம் எண் படகின் வாக்குமூலம்

மனித குலம் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது. பதிலும் வந்து கோப்பில் சேர்ந்துவிட்டது. இது இளம்பரிதியின் முடிவான கருத்து. வேளச்சேரி படகுப் பணிமனையின் தேநீர் இடைவேளையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது இதை அறிவிப்பான். அறிவிக்கும்போது சிரிக்க மாட்டான்.

"யோசிச்சுப் பாருங்க. உடம்புக்கு வந்தா கை சொல்லுது. கோளாறுன்னா இன்ஜின் சொல்லுது. பால் திரிஞ்சா பாக்கெட்டே சொல்லுது. இதுக்கு மேல மனுஷன் மனுஷனைக் கேட்க என்ன மிச்சம் இருக்கு?"

கை சொல்வது என்பது நலக்காப்பைக் குறிக்கும். பிறந்த மூன்றாம் நாள் மாட்டிவிடுவார்கள். பச்சை எரிந்தால் நலம். தெருவில் இரண்டு பேர் சந்தித்தால் மணிக்கட்டை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். பச்சை எரியும்போது "நல்லா இருக்கீங்களா?" என்று ஒருவரைக் கேட்பது, அவர் காப்பைச் சந்தேகப்படுவதற்குச் சமம். நாகரிகம் தெரிந்த யாரும் செய்வதில்லை.

இயந்திரங்களுக்கும் அதே மரியாதை. ஒவ்வொன்றிலும் ஒரு தன்னுரைப்பான் உண்டு. இளம்பரிதியின் பதவி ஒப்புகைப் பொறியாளர். இயந்திரம் தன் உடல்நிலையைத் தானே சொல்லும். அவன் கேட்டுக்கொண்டு கையெழுத்து வைப்பான். காது கொடுத்துக் கேட்பதற்கு நான்கு வருடப் பொறியியல் படிப்பு தேவைப்பட்டது.

அவனுடைய தேநீர் நேர நகைச்சுவைக்கு நிரந்தரப் பொருள், பத்தொன்பதாம் எண் நீர்ப்பேருந்தை ஓட்டும் சகாயராணி. படகில் ஏறுகிற ஒவ்வொருவரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற ஒரே ஓட்டுநர் அவள்தான். காப்பில் வயிறு நிறைந்த புள்ளி தனியாக எரியும்போதும் கேட்பாள். இளம்பரிதி காலி டம்ளரை ஸ்டியரிங் போலத் திருப்பியபடி, அதே இழுவையில், "சாப்ட்டாச்ச்ச்சா?" என்று சுவரிடமும் மின்விசிறியிடமும் கேட்டுக் காட்டுவான். பணிமனையே உருண்டு சிரிக்கும்.

ஒரு நாள் மதியம் அவளுடைய படகின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய அவனையே அனுப்பினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு உரிம விசாரணை. மூன்று வாரத்தில் மூன்று முறை படகு இடப்பக்கம் சாய்ந்து ஓடியதாகக் கரைக் கேமராக்கள் எழுதியிருந்தன. சட்டத்தில் இதற்கு ஒரே வரிதான்: இயந்திரம் நலமென்றால் பிழை மனிதருடையது. இளம்பரிதி கையெழுத்து வைத்தால் அவள் உரிமம் போய்விடும்.

"வணக்கம்," என்றது படகு. "நான் நலம். எண்ணெய் நிறைந்திருக்கிறது. குழாய்கள் நலம். சமன்தகடுகள் நலம்."

சமன்தகடுகள் என்பவை படகின் பின்விளிம்பில், அடிப்பக்கம், இடதுக்கொன்றும் வலதுக்கொன்றுமாக இருக்கும் இரும்புத் தகடுகள். ஹைட்ராலிக் எண்ணெய் ஒரு சிலிண்டர் வழியாகத் தகட்டைக் கீழே தள்ளும்; எண்ணெயின் அழுத்தம் விட்டால் ஒரு ஸ்பிரிங் அதை மேலே இழுத்துக்கொள்ளும். ஓடுகிற படகில் எந்தப் பக்கத் தகடு இறங்குகிறதோ அந்தப் பக்கம் மேலே எழும்பும். சாய்வை அப்படித்தான் சமன் செய்வார்கள்.

"கேட்டீங்கள்ல அக்கா? எல்லாம் நலமாம்," என்றான் இளம்பரிதி.

"கேட்டேன் தம்பி. மூணு வாரமா அதையேதான் சொல்லுது." சகாயராணி சண்டை போடவில்லை. அது அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. "காதுக்குள்ள ஏதோ சமநிலை நரம்பு இருக்காமே, அது போயிடுச்சோன்னு டாக்டர்கிட்ட போனேன். காப்பைப் பார்த்தாரு, பச்சை. உட்காரக்கூடச் சொல்லாம அனுப்பிட்டாரு. ஒரே ஒரு நடை கூட வந்து பாரேன். அப்புறம் போடு கையெழுத்து."

எப்படியும் தேநீர் இடைவேளை முடிந்துவிட்டிருந்தது. ஏறி உட்கார்ந்தான்.

நாற்பத்து மூன்று பேர் ஏறினார்கள். நாற்பத்து மூன்று முறை "சாப்பிட்டாச்சா?" என்றாள். நாற்பத்து மூன்று மணிக்கட்டுகள் உயர்ந்தன. நாளைய நகைச்சுவைக்கு ஆகுமென்று இளம்பரிதி எண்ணி வைத்துக்கொண்டான்.

விஜயநகர் துறை தாண்டிப் படகு வேகமெடுத்ததும் அந்த வேடிக்கை நடந்தது. யாரும் எதுவும் சொல்லாமல் நாற்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் சாய்ந்தார்கள். கைபேசி பார்த்தவர் பார்த்தபடி சாய்ந்தார். தூங்கியவர் தூங்கியபடி சாய்ந்தார். ஒரு பெண் மடியிலிருந்த குழந்தையையும் கூடையையும் வலது தொடைக்கு மாற்றினாள். அப்படியும் படகு இடப்பக்கம் இறங்கியது.

"நான் நலம்," என்றது படகு, கேட்காமலே.

இளம்பரிதிக்குத் தலைக்குள் என்னவோ அரித்தது. நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரே நரம்பு எப்படிப் போகும்?

பயணிகள் இறங்கியதும் படகைப் பணிமனைத் தூக்கியில் ஏற்றினார்கள். இரண்டு தகடுகளையும் கீழே இறக்கச் சொல்லிவிட்டு, இருவரும் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்கள். வலது தகடு போட்ட இடத்தில் நின்றது. இடது தகடு பிடிப்பில்லாமல், மணியடிக்கப் போகும் நேரத்து மாணவனைப் போல, மெல்ல மெல்ல மேலே எழுந்தது.

"இரண்டு தகடுகளும் இறங்கியுள்ளன," என்றது படகு.

"இறக்கச் சொன்னதைத்தான் அது சொல்லுது. இறங்குச்சான்னு பார்க்கல," என்றாள் சகாயராணி.

இரண்டாம் ஆண்டுத் தேர்வில் எல்லோரும் விட்டுவிட்ட ஒரு கேள்வி அவனுக்கு நினைவு வந்தது. கசிவு பம்பின் வால்விலா, அதற்கு அப்பாலா? பம்பில் இடது குழாயையும் வலது குழாயையும் இடம் மாற்றி மாட்ட வேண்டும். கோளாறும் பக்கம் மாறினால் வால்வு. மாறாவிட்டால் குழாயோ சிலிண்டரோ.

சிக்கல் என்னவென்றால், நலமென்று சொன்ன இயந்திரத்தைத் திறப்பது குற்றம்.

"திறக்கல அக்கா. ரெண்டு குழாய்க்கும் பணியிட மாற்றம்தான் கொடுக்கறேன்," என்றான் முகம் மாறாமல்.

மாற்றினார்கள். அப்போதும் இடது தகடுதான் எழுந்தது. வால்வு தப்பித்தது. குழாய் நெடுக வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே வந்தது. மிஞ்சியது சிலிண்டர்.

"எண்ணெய் போகுதுன்னா தொட்டி குறையணுமே," என்றான். "ஒரு சொட்டுகூடக் குறையலையே."

"நிறைஞ்சிருக்குன்னுதானே சொல்லுது? என்னத்தால நிறைஞ்சிருக்குன்னு யாராவது கேட்டீங்களா?"

இளம்பரிதி தொட்டியின் மூடியைப் பார்த்தான். மூடியைத் திருகுவது திறப்பதில் சேருமா, ஊற்றுவதில் சேருமா? ஊற்றுவதில் சேரும் என்று தானே தீர்ப்பு சொல்லித் தானே ஏற்றுக்கொண்டான். உள்ளே மாதுளைச் சாறு போல, தெளிந்த சிவப்பாக இருந்திருக்க வேண்டும். எட்டிப் பார்த்தான்.

"ரோஸ்மில்க்," என்றான்.

"தள்ளு." அவளும் பார்த்தாள். "ஐஸ் போடாததுதான் குறை."

எண்ணெயில் தண்ணீர் கலந்தால் இப்படிப் பால் பிடிக்கும். தகட்டைத் தள்ளும் தண்டில் சுண்ணாம்புச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு முறை தண்டு உள்ளே போகும்போதும் அவை எண்ணெய் கசியாமல் காக்கும் 'சீல்' என்ற ரப்பர் வளையத்தைச் சீவியிருக்கின்றன. தகடு இறங்கும்போது எண்ணெய் வெளியே போயிருக்கிறது; ஏறும்போது வேளச்சேரித் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. போனதும் வந்ததும் சரியாய்ப் போக, மட்டம் மாறவே இல்லை. தன்னுரைப்பான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நிறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அதற்குத் தெரியும்.

தண்டைச் சுரண்டினார்கள். புது சீல் போட்டார்கள். அது திறப்பதில் சேருமா என்று இந்த முறை அவன் தீர்ப்பு சொல்லவில்லை. ரோஸ்மில்க்கை வடித்து, தொட்டியையும் குழாயையும் அலசி, புது எண்ணெய் ஊற்றினார்கள். காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை தகடுகளைப் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்கினார்கள். பிறகு இடது தகடு போட்ட இடத்தில் நின்றது.

"நான் நலம்," என்றது படகு. மதியம் சொன்ன அதே குரல், அதே நிம்மதி.

இளம்பரிதி வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கவில்லை. வடித்த எண்ணெயை ஒரு குப்பியில் பிடித்து, சுரண்டிய சிப்பிகளையும் அறுந்த சீலையும் சேர்த்துக் கட்டி, விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: 'விசாரணை ரத்து. ஓட்டுநர் மீது பிழை இல்லை. அலுவலகத்தில் ஒருவர் குப்பியை அருந்த முற்பட்டார். இனி பெயர் எழுதி அனுப்பவும்.'

மாலை நடைக்கு அவனும் போனான். விஜயநகர் தாண்டியதும் பயணிகள் பழக்க தோஷத்தில் வலப்பக்கம் சாய, படகு முதன்முறையாக வலப்பக்கம் சரிந்தது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். சகாயராணியும் சிரித்தாள். "நேரா உட்காருங்கப்பா, இனிமே நேரா உட்காரலாம்!" என்று கத்தினாள்.

கடைசித் துறையில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். அவள் கயிற்றைக் கட்டிவிட்டு, கட்டிய இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு இறங்கியிருந்தது. மணிக்கட்டில் காப்பு, ஒரு குறையும் இல்லாத பச்சை.

இளம்பரிதி அந்தப் பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மூன்று வாரமாக இவள் தன் காதையும் கண்ணையும் கையையும் நம்பாமல் படகோட்டியிருக்கிறாள். அந்த மூன்று வாரமும் இது இப்படியேதான் எரிந்திருக்கும். மதியம் எண்ணிய நாற்பத்து மூன்றும் நினைவுக்கு வந்தது. ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

துறையில் வேறு யாருமில்லை என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா… சாப்பிட்டீங்களா?"

அவள் பழக்கத்தில் மணிக்கட்டைத் தூக்கினாள். பாதியில் நிறுத்தினாள். இன்னொரு கையால் காப்பை மூடிக்கொண்டாள்.

"இல்லப்பா," என்றாள்.