நம்பி வாங்கலாம்

"இது உங்க கடையில இருந்து வந்த பார்சல்தானே?"

குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் கேட்டுவிட்டாள் அவள். குடையிலிருந்து சொட்டிய மழைநீர் கடைத் தரையில் சின்னதாகக் குளம் கட்டிக்கொண்டிருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவன் நிமிரவில்லை. "ஒரு நிமிஷம்... ஈயம் உருகிட்டு இருக்கு."

அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. சுவர் முழுக்க அந்தக் கால வீட்டுக் கம்ப்யூட்டர்கள்... விசைப்பலகைக்குள்ளேயே எல்லாம் அடங்கி, டிவியில் மாட்டி ஓட்டுகிற ரகம். நேர்மையான கடை போலத்தான் இருக்கிறது. எல்லாம் வேஷம்.

அவன் நிமிர்ந்தான்.

நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடி வழியே இரண்டு கண்கள்... உள்ளங்கை அகலத்துக்கு. இமை முடிகளை ஒன்றொன்றாக எண்ணலாம் போலிருந்தது. அவன் கண்ணாடியை மேலே தள்ளினான். கண்கள் மனிதக் கண்களாயின. ஆனாலும் அவளால் உடனே பார்வையைத் திருப்ப முடியவில்லை.

"இப்போ திட்டுங்க," என்றான். "கை ஃப்ரீ."

அவள் மெமரி போர்டை மேசைமேல் வைத்தாள். "வாங்கி மூணு வாரம் ஆச்சு. பாதி மெமரிதான் வேலை செய்யுது. ஸ்டிக்கர் உங்களோடது."

அவன் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஸ்டிக்கர் எங்களோடது. போர்டு எங்களோடது இல்ல. நான் சோதிச்ச போர்டுல பச்சை மையில தேதி இருக்கும். யாரோ ஸ்டிக்கரைக் காப்பி அடிச்சிருக்காங்க."

"மாட்டிக்கிட்ட எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. உங்க கடை 'நம்பி வாங்கலாம்' பட்டியல்ல இருக்கு. இனி இருக்காது."

"அதை நீங்க முடிவு பண்ண முடியாதுங்க. அந்தப் பட்டியலைப் பார்த்துக்கிறவர் சல்லடைன்னு ஒருத்தர்."

"நான்தான் சல்லடை."

அவன் கையிலிருந்த போர்டு மேசைக்கு இறங்கியது.

பழைய கம்ப்யூட்டர்களுக்கு உதிரி பாகம் தேடுகிறவர்களின் இணையக் குழு நம்பும் பட்டியல் அது. யார் நல்ல சரக்கு தருகிறார், யார் டப்பாவுக்குள் குப்பையை வைத்து அனுப்புகிறார் என்று விசாரித்து, சலித்து, 'சல்லடை' என்ற புனைபெயரில் பட்டியல் போடுவது அவள். பகலில் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். ஒரு மாத்திரைப் பட்டையைக்கூட மூன்று முறை பார்க்காமல் கொடுக்கமாட்டாள்.

"சல்லடைன்னா..." அவன் தயங்கினான். "எழுத்தைப் பார்த்து, அறுபது வயசு தாண்டின, ரொம்பக் கறாரான பெரியவர்னு நினைச்சேன்."

"கறார் மட்டும் சரி."

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது... உதட்டுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டாள்.

ஒரு பஞ்சை எதிலோ தோய்த்து ஒரு சிப்பின் முதுகில் தேய்த்தான். நெடி வந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அசிட்டோன்."

"ஆமா. இங்க பாருங்க."

அச்சடித்த எண் மையாகக் கரைந்து வந்தது. அடியில் வேறொரு எண், மங்கலாக. பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதி விற்றிருக்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் நெற்றி மோதப் பார்த்தது. இருவரும் ஒரே நேரத்தில் விலகினார்கள்.

"யாருக்கு வேணும் இது? உங்களுக்கா?"

"அப்பாவுக்கு."

அப்பா ரயில் கால அட்டவணை அச்சாகும் இடத்தில் பிழை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறார். கைநடுக்கம். புதுக் கம்ப்யூட்டரின் தட்டைப் பொத்தான்களில் விரல் வழுக்கிவிடும். வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரின் மேடான, கனமான விசைகள்தான் அவர் விரலுக்கு அடங்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாக வரைந்து அதற்குள் ஏற்றி வைத்திருந்தார். அதிலேயே இடம் தீர்ந்துவிட்டது.

"புதிருக்கான வார்த்தையெல்லாம் அதுலதான் சேர்த்து வச்சிருக்கார். புது வார்த்தை சேர்க்கணும்னா பழைய வார்த்தை ஒண்ணை அழிக்கணும்," என்றாள். "நேத்து 'பொறாமை'யை அழிச்சார். அது இல்லாம பொழைச்சுக்கலாம்னார். அடுத்து எதை அழிக்கிறதுன்னு தெரியாம நாள் முழுக்க சும்மா உட்கார்ந்திருக்கார்."

அவன் அலமாரியிலிருந்து ஒரு போர்டை எடுத்தான். பச்சை மையில் தேதி. "ஞாயித்துக்கிழமை வந்து நானே மாட்டித் தரேன். சும்மா வச்சுப் பாருங்க. சரியா இருந்தா மத்ததைப் பேசலாம்."

"பட்டியலுக்காகத்தானே?"

"உங்கப்பாவுக்காக," என்றான். சற்று விட்டு, "பட்டியலுக்காகவும் கொஞ்சம்..."

வாசலில் மழை விட்டிருந்தது. பாதித் தெரு நடந்த பிறகுதான் கவனித்தாள், இன்னும் குடை பிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தான். பத்தே நிமிஷத்தில் போர்டு உட்கார்ந்துவிட்டது. திரையில் முன்பைவிட மும்மடங்கு இடம் காட்டியது. அப்பா நடுங்கும் விரலால் 'பொறாமை' என்று மெல்லத் தட்டி, அதை மறுபடி சேர்த்துக்கொண்டார்.

"இருந்துட்டுப் போகட்டும் தம்பி. புதிருக்கு எல்லாந்தானே வேணும்."

அவன் சிரித்தான். அப்பாவின் உச்சந்தலைக்கு மேலாக அவளைப் பார்த்தான். இந்த முறை பூதக்கண்ணாடி இல்லை. தேவைப்படவும் இல்லை... அந்தப் பார்வை அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றது. டீ போடுகிற சாக்கில் அவள் உள்ளே ஓடினாள். சர்க்கரை டப்பா கண்ணுக்கு எதிரேயே இருந்தது, தேடிக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

அப்பா கட்டம் போட்டுப் பழகுவதற்காக எடுத்து வைத்திருந்த பழைய காகிதக் கட்டு அவன் கையில். மேலே அந்தக் கெட்ட போர்டு வந்த பார்சலின் உறை. முகவரி எழுதியிருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. கிளம்பறேன்."

டீ ஆறிப்போனது.

மறுநாள் காலை செய்தி வந்தது. "அந்த போர்டு எங்க கடையில இருந்துதான் வந்திருக்கு. போன மாசம் நான் டைபாய்டுல படுத்திருந்தேன். கடையைப் பார்த்துக்கிட்ட அண்ணன் எங்கேயோ மொத்தமா வாங்கி வித்திருக்கார். பதினோரு பேருக்குப் போயிருக்கு. பேர் விவரம் கீழே. எங்க கடையைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. அன்னிக்கு உங்ககிட்ட அவ்வளவு அடிச்சுப் பேசினதுக்கு மன்னிச்சிருங்க."

மூன்று முறை படித்தாள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவர் அந்த அண்ணன்தான் என்று ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தான். சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

பட்டியலைத் திறந்தாள். கடையின் பெயரை எடுத்தாள். விதி விதிதான். எடுத்த பிறகு, மருந்து அறையின் குளிர்பெட்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

அதன் பிறகு அவன் போன் எடுக்கவில்லை. ஒரு வாரம்... இரண்டு வாரம். அப்பா ஒன்றும் கேட்காமல், ஒருநாள் சாப்பிடும்போது மட்டும் சொன்னார்: "வெட்கப்பட்டவன் தானா வரமாட்டான்மா. நாமதான் போகணும்."

சனிக்கிழமை மதியம் போனாள்.

கடைக்குள் பார்சல்கள் அடுக்கியிருந்தன. நரைத்த மீசைக்காரர் ஒருவர் தரையில் சம்மணமிட்டு முகவரி எழுதிக்கொண்டிருந்தார். அந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். அண்ணன்.

"நீங்கதான் சல்லடையாம்மா?" அவர் எழுந்து நின்றார். "தப்பு என்னோடது. சரக்கு மலிவா வருதேன்னு பார்த்தேன், சோதிக்கத் தெரியல. தெரிஞ்சவனைக் கேட்டிருக்கணும், கேட்கல. இப்போ ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே பேசி, நல்ல போர்டா மாத்தி அனுப்பறேன். எட்டு போயாச்சு, மூணு பாக்கி." உள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நேத்துதான் என்கிட்ட மறுபடி பேச ஆரம்பிச்சான். நீங்க கொஞ்சம் பார்த்துப் பேசுங்க."

பார்சல்களை அள்ளிக்கொண்டு தபால் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.

அவன் உள்ளறை வாசலில் நின்றான். இளைத்திருந்தான்.

"போன் எடுக்கக் கூடாதுன்னு வைராக்கியமா?"

"எந்த முகத்தோட எடுக்கறது? அன்னிக்கு உங்களைப் பொய்க்காரி மாதிரி நிக்க வச்சேன்."

"மறுநாளே உண்மையைச் சொன்னீங்களே. நான் எத்தனையோ கடைக்காரங்களைப் பார்த்திருக்கேன். தன் கடைப் பேரைத் தானே எடுக்கச் சொன்னவர் ஒருத்தரும் இல்ல."

அவன் தரையைப் பார்த்தான். "பதினோரு பேருக்கும் மாத்திக் கொடுத்த பிறகு, ஆறு மாசம் கழிச்சு... மறுபடி பட்டியலுக்கு விண்ணப்பிக்கலாமா?"

"முடியாது."

"ஒரு வருஷம்?"

"எப்பவுமே முடியாது."

அவன் முகம் வாடியது. "அவ்வளவு பெரிய தப்பா..."

"தப்புக்காக இல்ல." வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம்தான். இப்போது வர மறுத்தது. "பட்டியலுக்கு ஒரு விதி இருக்கு. அதைப் பார்த்துக்கிறவங்க, தனக்கு வேண்டியவங்க கடையை அதுல சேர்க்கக் கூடாது."

அவன் நிமிர்ந்தான். "வேண்டியவங்கன்னா... சொந்தக்காரங்களா?"

"சொந்தக்காரங்களும்தான். வேற வகையில வேண்டியவங்களும்."

"நான் எந்த வகை?"

"கறாரா சொல்லவா?"

"கறாரா சொல்லுங்க."

"உங்க கண்ணு எவ்வளவு பெருசுன்னு முதல் நாளே பார்த்துட்டேன். அதுக்கப்புறம் எனக்கு வேற எதுவும் சரியா தெரியல," என்றாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. போதுமா?"

அவன் அருகில் வந்து, அவள் விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டான்.

"அப்போ," என்றான் மெதுவாக, "அந்தப் பட்டியல்ல நான் வரவே வேண்டாம்."