நின்ற இடத்தில் ஏறிய மலை

சுபலட்சுமி கை வைக்காமலே லோடு ஏறியது.

லேப்டாப் திரையில் அந்த எண் மெல்ல உயர்வதைப் பார்த்தபோது, சென்சாரில் ஏதோ கோளாறு என்றுதான் அவள் நினைத்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையோரத்தில் அவளும் கணவன் அஜித்குமாரும் நடத்துகிற தகரக் கொட்டகை அது. தரையில் பதித்த இரும்பு உருளைகளின் மேல் காரின் முன்சக்கரங்களை ஏற்றி, பெல்ட் போட்டு இறுக்கி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு இன்ஜினின் சக்தியை அளப்பார்கள். உருளை எவ்வளவு கனமாகச் சுற்ற வேண்டும் என்று அவள்தான் கணினியில் வைப்பாள். அதுதான் லோடு. இன்று உருளை மேல் நின்றது அவர்களுடைய சொந்தக் கார். புது டர்போ மாட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள்.

மதியம்தான். ஆனாலும் ஐப்பசி மழை வெளியே இருட்டிக்கொண்டு கொட்டியது. தகரத்தில் விழும் மழையும், இன்ஜினின் உறுமலும், காருக்கு எதிரே சுவரோரம் சுழலும் பெரிய விசிறியின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து காதை அடைக்க, சூடான ரப்பரும் பெட்ரோலும் மட்டுமே நாற வேண்டிய அந்த இடத்தில், விசிறிக் காற்றோடு ஈர இலையும் குளிர்ந்த பாறையும் மணத்தன.

காரை ஓட்டிக்கொண்டிருந்த அஜித்குமார் கதவுக் கண்ணாடியை இறக்கினான்.

“லோடு ஏத்தாத சுபா. மேடு ஏறுற மாதிரி இழுக்குது.”

“நான் கை வெக்கலீங்க.”

அவன் நம்பவில்லை. இன்னும் ஒரே ஒரு ஓட்டம், அப்புறம் நிறுத்திவிடலாம் என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

எண் ஏறியது. சற்றுத் தளர்ந்தது. மறுபடி ஏறியது. பார்த்துக்கொண்டே இருந்தவள், தன் உடம்பு நாற்காலியில் இடப்பக்கம் சாய்வதையும், பிறகு வலப்பக்கம் சாய்வதையும் உணர்ந்தாள். வெள்ளிமலைப் பக்கம் பிறந்தவள். விடுதியில் தங்கிப் படித்த காலமெல்லாம் பேருந்தில் குமட்டலோடு ஏறி இறங்கிய பாதை. எந்த வளைவில் வண்டி திணறும், எங்கே மூச்சு வாங்கும் என்று அவள் வயிற்றுக்குத் தெரியும். திரையில் அதே கல்வராயன் மலைப்பாதை ஏறிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். அஜித்குமார் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

உருளை மேல் ஓடும்போது யாரும் ஸ்டீயரிங்கைத் திருப்ப மாட்டார்கள். சக்கரம் கொஞ்சம் கோணினாலே உருளை வண்டியைத் தூக்கி எறியும். அவனுக்கு அது தெரியாததல்ல. இப்போது சக்கரங்கள் முழுக்கத் திரும்பியிருந்தன. வண்டி அசையவில்லை. சாலையில் போகிற வண்டி போல, வளைந்து, நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி வளைவு வந்தது. பேருந்து அங்கே வலப்பக்கம் திரும்பும்.

அவன் இடப்பக்கம் திருப்பினான்.

அங்கே சாலை கிடையாது. பள்ளம்தான்.

லோடு சட்டென்று இறங்கியது. அவள் கணினியிலிருந்து இன்ஜினை நிறுத்தினாள். உறுமல் நின்றது. உருளைகள் நிற்கவில்லை. ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கினாள். விளக்கு அணைந்தது. விசிறி ஓய்ந்தது. காற்று ஓயவில்லை. பேட்டரியில் ஒளிர்ந்த திரையில் வேகம் ஏறிக்கொண்டே போனது.

இறக்கம்.

கதவைப் பிடித்து இழுத்தாள். திறந்தது. அவன் தோளைப் பற்றினாள். சட்டை பனியில் நனைந்து சில்லென்றிருந்தது. பிரேக்கை மிதிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவன் திரும்பவில்லை. எதிரே பார்த்துச் சிரித்தான்.

“இன்னாத்துக்குப் பிரேக்கு? அதான் நீ முன்னாடி நின்னு கூப்புடுறியே. வந்துக்கினுதான கீறேன்.”

அவளும் எதிரே பார்த்தாள்.

ஹெட்லைட் வெளிச்சம் சுவரில் விழவில்லை. சுவர் இல்லை. மூடுபனிக்குள், மரங்களுக்கு நடுவே, வெளிச்சம் நீண்டு போயிற்று. அதன் முனையில் ஒருத்தி, கொட்டகைக்குள் வண்டியை ஏற்ற வழிகாட்டுகிறவள் போல இரண்டு கைகளையும் தன் பக்கம் அசைத்தபடி, பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

சுபலட்சுமியின் முகம்.

அந்த ஒருத்தியின் காலுக்குக் கீழே தரை இல்லை. கைகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. வா. வா. இன்னும் வா.